அழிந்துபோன ஊதாக் கோடு

1983, கடைசி ஆடி வெள்ளி, இரவு.

“மார்பில வரைஞ்ச இந்தக் கோட்டுக்கு வெளியில கதிர் பட்டா என்னுங்க ஆகும்?” என்று கதிர்ச் சிகிச்சையின் முதல் நாளே கேட்டாள் என் மனைவி மரகதம்.

“நல்ல நுரையீரல் கெட்டுரும்மா, மையை நனைக்காதீங்க,” என்றார் டாக்டர். வயிற்றைத் திறந்தும் பார்த்துவிட்டார்கள். நிணநீர்க் கட்டி கீழே பரவவில்லை, கதிரிலேயே குணமாகுமாம்.

இன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டாள். சீயக்காயில் கோடு போயிற்று.

“டாக்டர் வைவாருங்க. பள்ளிக்கூட போர்டுல மேப்புக் கோடு போட்ட கைதானுங்களே, போட்டுடுங்க.”

ஊதா மையில் போட்டுவிட்டேன். நேராகத்தான் இருக்கிறது. இடம் சரியா? வரைபடத்தில் ஒரு நூல் தள்ளினால் பரமத்தி வேலூர் ஆற்றுக்கு அக்கரை போய்விடும். திங்கட்கிழமை இதை நம்பித்தான் கதிர் வைப்பார்கள்.

வாத்தியாரே, விடிந்ததும் நீ போட்ட கோட்டை அழி. அழிந்துபோனதென்று டாக்டரிடம் சொல்.