கண்டு, பிடித்தார்கள்

என் அன்பான புவனம்,

நீ இறந்துபோன துக்கம் தாங்காமல் நான் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்திவிட்டேன் என்று நம் மல்வேர்ன் பகுதி முழுக்கப் பேசிக்கொள்கிறார்கள். அது பிழை. துக்கத்தோடு எனக்குப் படிப்பிக்கத் தெரியும். என் கணவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாளே பாடம் நடத்தியவள் நான். வகுப்பை நிறுத்தியது உன்மேல் உள்ள கோபத்தில். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எனக்கு மட்டும் மறைத்தாய். அதனால் எல்லோரும் வாசிக்கும் பத்திரிகையில் இதை எழுதுகிறேன்.

திருத்தச் சொல்லி நீ கேட்டுக் கேட்டு அலுத்த ஹீற்றரை, நீ கண்மூடிய கிழமைதான் திருத்தினார்கள். வகுப்பு நடக்கும் மண்டபம் இப்போது சூடாக இருக்கிறது.

பனிக்காலம் முழுக்க, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பாடத்தை நாம் தமிழில் விளக்கினோம்: அமெரிக்கர்கள் மிசூரி ஆற்றில் படகேறி மேற்கே போன கதை. குறிப்பை நான் கையால் எழுதுவேன். நீ படம் கீறி, நூலகத்தில் பிரதி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாய். பிரதிகளை நான் திரும்பப் பார்ப்பதில்லை. என் எழுத்தில் பிழை வராது என்று இருந்தேன்.

முதுகில் கைக்குழந்தையைக் கட்டிக்கொண்டு அவர்களோடு நடந்த பழங்குடிப் பெண்ணை ஒருநாள் கீறிக்கொண்டிருந்தாய்.

"அக்கா, இவவுக்கு இந்த இடமெல்லாம் முதலே தெரியுமே. பிறகு அவை என்னத்தைக் கண்டுபிடிச்சவை?"

"பேசாமல் கீறு" என்றேன்.

"ஓம் அக்கா" என்று சிரித்தாய். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

உன் அந்தியேட்டிக்கு அடுத்த சனிக்கிழமை சோதனை வைத்தேன். மேற்கே போனவர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்விக்குப் பதினொரு பிள்ளைகளும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: "புதிய நிலங்களைக் கண்டு, பிடித்தார்கள்." நான் குறிப்பில் எழுதிய 'கண்டுபிடித்தார்கள்' என்ற ஒரே சொல்லின் நடுவில் ஒரு காற்புள்ளி. பதினொன்றையும் பிழை என்று வெட்டினேன். வசந்தியின் மகள் எழுந்து நின்றாள்.

"ரீச்சர், நோட்ஸில அப்பிடித்தான் இருக்கு. முதல் கண்டவை, பிறகு பிடிச்சவை. நீங்கள் கண் ஒப்பரேசனுக்குப் போயிருக்கேக்க புவனம் அன்ரி நடிச்சும் காட்டினவ."

வகுப்பு முழுக்கக் கண்ணுக்கு மேல் கைவைத்துத் தூரம் பார்த்தது. பிறகு எல்லாக் கைகளும் காற்றைப் பறித்தன.

குறிப்பை வாங்கிப் பார்த்தேன். என் எழுத்து, உன் காற்புள்ளி. பிள்ளையைக் கூட்டிப்போக வந்த வசந்தியிடம் கேட்டேன்.

"எங்கள் எல்லாருக்கும் தெரியும் அன்ரி. அவதான் சொல்ல வேண்டாம் எண்டவ. 'அக்காவுக்குத் தெரிஞ்சா என்னையும் வகுப்பு வாங்கில ஏத்தி நிக்க வச்சிடுவா' எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

வசந்தியும் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

சின்ன வயதில் என் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரிகள் எனக்குக் "கண்டுபிடித்தார்கள்" என்றுதான் சொல்லித் தந்தார்கள். நானும் அப்படியே படிப்பித்தேன். திருகோணமலையில் உன் அப்பாவின் காணிக்கு வேறு ஆட்கள் வந்து வேலி போட்டதை ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னாய். நான் தேத்தண்ணீர் ஊற்ற எழுந்து போய்விட்டேன். அன்று தொடங்கியதா இது?

உன் காற்புள்ளியில் இலக்கணப் பிழை தேடினேன். இல்லை. சரித்திரப் பிழை தேடினேன். அதுவும் இல்லை. நீ சரியாக இருப்பதுதான் என்னைக் கூடுதலாக நோகடிக்கிறது. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். ஒரு மாதம் உன்னோடு பேசாமலும் இருந்திருப்பேன். அதற்குப் பிறகு? அந்தப் பிறகை நீ எனக்குத் தரவில்லை. என் எழுத்துக்குள் புகுந்து, என் பெயரில் படிப்பித்துவிட்டு, என் முகத்துக்கு நேரே "ஓம் அக்கா" என்றாய். என்னில் உனக்குப் பயமா? இல்லை, கிழவிக்கு விளங்காது என்று விட்டாயா?

வருகிற சனிக்கிழமை வகுப்புக்குப் போவேன். வெட்டிய பதினொரு விடைகளுக்கும் புள்ளி கொடுத்து, பிழை விட்டது நான் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே.

இதை வாசிக்கும் தாய்மாருக்கு: புவனம் என்னைப் பற்றி உங்களிடம் என்ன சொன்னாள்? பயந்து சொன்னாளா, இளக்காரமாகச் சொன்னாளா? தொலைபேசியில் வேண்டாம். அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதி, கீழே உங்கள் பெயரையும் வைத்து எனக்கு அனுப்புங்கள்.

உன் அக்கா,
ஞானம்