உப்புக் கழிவு போக 414 கிலோ

ஜூன் 3, செவ்வாய்

காலை ஏழுக்கே வெயில். ஷெட் தகரத்தில் கை வைக்க முடியவில்லை.

கூடு முடிந்தது. அறுபதுகளில் வந்த ஒரு பந்தயக் காரின் நகல். இரண்டு பேர் உட்காரலாம். இரும்புக் குழாய் சேஸிஸ், ஃபைபர் உடம்பு, எஞ்சின் சீட்டுக்குப் பின்னால். நானும் என் நண்பன் சலீமும் இரண்டு வருடம், ஞாயிறு ஞாயிறாக. எஞ்சின் மட்டும் இல்லை.

எ1: வேலூர் காயலான் கடையில் கிடக்கும் மூன்று சிலிண்டர் 800 சிசி. 37 குதிரைத்திறன். கியர்பாக்ஸோடு 100 கி.
எ2: அப்பாவின் காரில் இருப்பது. நான்கு சிலிண்டர், அலுமினியம். 80 குதிரை. கியர்பாக்ஸோடு 130 கி. எங்கள் வீட்டு வாசலிலேயே நிற்கிறது.

கணக்கு தெரிந்தவன் எ2தான் எடுப்பான். சலீமும் அதையே சொன்னான். "உங்க நைனா இனிமே இன்னாடா ஓட்டப் போறாரு? சும்மாதானே நிக்குது." அவனை அறையத் தோன்றியது. சொன்னது சரி.

ஜனவரியில் அப்பாவுக்கு ஸ்ட்ரோக். கை கால் அசைவு திரும்பிவிட்டது. பேச்சு கொஞ்சம் இழுக்கும். பார்வையில் இடது பாதி போய்விட்டது, இரண்டு கண்ணிலும். தட்டில் இடப்பக்கம் வைத்த பொரியலைத் தொடாமலே எழுந்துவிடுகிறார். "இது திரும்பாது, இனி வண்டி ஓட்டக் கூடாது" என்று டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். அம்மாவிடம் சொன்னேன். அப்பாவிடம் சொன்னது: "ஆறு மாசம் பொறுத்துக்கோப்பா."

பம்ப்செட் சர்வீஸ் அவர் தொழில். திமிரி, நெமிலி, அதைச் சுற்றி அத்தனை கிணறும் இந்த வண்டியில் போய்த்தான். இப்போது தினமும் காலையில் என்னைக் கூப்பிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்கிறார். பேட்டரி இறங்கக் கூடாதாம்.

கம்பெனியில் மேனேஜரையே முகத்துக்கு நேரே கேட்பவன் நான். இது மட்டும் வாயில் வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

புழுக்கம். கம்பெனியில் கன்வேயர் இரண்டு முறை நின்றது. பெல்ட் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்து ஒரு மாதம். மூளை இல்லாதவர்கள்.

முடிவு: டன்னுக்கு 60 குதிரை. அதற்குக் கீழே வந்தால் எ1 வேண்டாம். கூட்டின் சரியான எடை தெரிய வேண்டும். சலீம் வேலை செய்யும் பச்சைத்தோல் குடோனில் எடை மேடை இருக்கிறது. ஞாயிறு ராணிப்பேட்டை.

ஜூன் 8, ஞாயிறு

டெம்போவில் ஏற்றி, கட்டி, இறக்கி. எடை போட்டது பாஷா பாய், குடோனில் முப்பது வருடமாக அதே வேலை. நான் டெம்போக்காரனோடு சண்டையில் இருந்தேன், கயிறு ஃபைபரை அறுத்துவிட்டது. பாய் சீட்டை நீட்டினார்.

"எவ்ளோ பாய்?"

"நானூத்தி பதினாலு. கம்மிதான் தம்பி. இது காரா, கூடையா?"

414 + எ1 100 + பெட்ரோல், சில்லறை 20 + நான் 70 = 604. டன்னுக்கு 61 குதிரை. எ1 பாஸ்.

நிம்மதி. எதற்கென்று எழுத வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் அப்பாவிடம் தேவையில்லாமல் வாயை விட்டேன். "உன் வண்டிய தொட மாட்டேம்பா."

"ஏன், தொடறதா இருந்தியா?"

"இல்லப்பா."

அந்த ஆறு மாசத்தோடு சேர்த்துப் பொய் இரண்டு.

ஜூன் 10, செவ்வாய்

லீவு போட்டேன். எ1 வந்தது, உட்கார்ந்தது. ஸ்பிரிங் சரிசெய்ய நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு எடை மெஷின். 514 வர வேண்டும். 560. மெஷினை மாற்றி மாற்றிப் போட்டேன். 560.

சலீமுக்குப் போன். அவன் போனைப் பாஷா பாயிடம் கொடுத்தான்.

"மேடைல நானூத்தி அறுவது காட்டுச்சு தம்பி. கழிச்சுட்டுதானே எழுதினேன்."

"இன்னாத்த கழிச்சீங்க?"

"உப்பு. பத்து பர்சன்ட்."

பதனிடாத பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பு போட்டுத்தான் வரும். உப்புக்குக் கழித்துத்தான் எடை எழுதுவார்கள்.

"பாய், காருக்கு ஏது பாய் உப்பு?"

"கை பழக்கம். நம்பரப் பாத்தா தானா கழிச்சுடுது. தப்பா எடுத்துக்காத பேட்டா."

பின்னால் சலீம் இருமல் வரும்வரை சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேடையை நான் பார்த்திருக்க வேண்டும்.

எ1: 650 கி. டன்னுக்கு 57. ஃபெயில்.
எ2: 680 கி. டன்னுக்கு 118.

ஜூன் 11, புதன்

சொல்லிவிட்டேன்.

காலையில் வழக்கம்போல் கூப்பிட்டார். உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பவில்லை. "அப்பா, உனக்கு அந்தப் பக்கம் பார்வை திரும்பி வராது. இனிமே நீ வண்டி ஓட்ட முடியாது. டாக்டர் சொல்லிட்டாரு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அதே மூச்சில், "இந்த எஞ்சின எனக்குக் குடு."

பானெட்டைக் கையால் ஒரு தடவை துடைத்தார்.

"டாக்டர் எப்போ சொன்னாரு?"

"பிப்ரவரில."

"உங்கம்மாவுக்கு?"

"தெரியும்."

உள்ளே போனார். கதவு நிலையில் இடது தோள் இடித்தது. நின்று, கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

அம்மா என்னிடம்: "சொல்ல வேண்டியதுதான். அன்னிக்கே கேக்கவும் செய்யணுமா?"



ஜூன் 12, வியாழன்

அப்பா கூப்பிடவில்லை.

ஜூன் 13, வெள்ளி

கூப்பிடவில்லை. வண்டி மேல் தூசி. நானாகப் போய் ஸ்டார்ட் செய்ய தைரியம் இல்லை. சலீம் போன் செய்தான்: "இன்னாடா ஆச்சு, எஞ்சின் வருதா?" வைடா என்றேன். பேஜார்.

ஜூன் 15, ஞாயிறு

ராத்திரி மழை. மண் அடங்கியிருக்கிறது.

டிபன் முடிந்ததும் அப்பா, நான்கு நாளில் முதல் பேச்சு: "எஞ்சின் கெடையாது."

"சரிப்பா."

"உங்கம்மா ஓட்டுவா."

அம்மா சமையலறையிலிருந்து: "யாரு, நானா? அம்பத்திரண்டு வயசுலயா? ஜனங்க சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு எத்தினி நாளு ஆட்டோக்காரன கெஞ்சுவ?"

நான் அம்மாவைப் பற்றி ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. எ1, எ2 என்றுதான் எழுதியிருக்கிறேன்.

ஆக எ1. குதிரையைக் கூட்ட முடியாது, எடையைத்தான் குறைக்க வேண்டும். 34 கி.
ஸ்டெப்னி 10
பேட்டரி, சின்னதாக 8
கதவுக் கண்ணாடி 6
சீட்டு இரும்பு 7
மீதி மூன்று என் வயிற்றிலிருந்து.

சாயங்காலம் பாலாற்றங்கரைப் பக்கம் காலி மைதானம். அப்பா வண்டியை நான்தான் ஓட்டிப் போனேன். இறங்கினேன். அம்மா முந்தானையை இடுப்பில் செருகி, செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏறினார். அப்பா தானாகவே இடது சீட்டு. அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அங்கிருந்து அவருக்கு அம்மா தெரிவார், எதிரே தரையும் பாதி தெரியும். நான் பின்சீட்டில்.

அப்பா: "கிளட்ச்ச மெதுவா விடு. மெதுவா… மெதுவாம்மா!"

வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. அம்மா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். "எனக்கு வராதுங்க."

நான் வாயைத் திறந்தேன். அப்பா திரும்பாமலே கையைத் தூக்கி என்னை அடக்கினார்.

"இன்னொரு தடவ."