சாட்டையின் வயிறும் என் கையும்

செப்டம்பர் 3, புதன்

காலையிலேயே வெயில். காற்று இல்லை.

எழுத்து கோணல் மாணலாக இருப்பதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை, டைரியிடம்தான். நாற்பது வருடம் லாரியில் வெடிப் பெட்டி ஏற்றிய கை. பேனா இதற்குள் நிற்க மாட்டேன் என்கிறது. 'ழ' போட்டால் வால் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. இவ்வளவு எழுத அரை மணி நேரம் ஆயிற்று. ஆனாலும் நான் எழுதியது. எழுபத்தோரு வயதில் முதியோர் வகுப்புக்குப் போய், ஒன்பது மாதத்தில்.

டைரி, பக்கத்து வீட்டுக் கருப்பசாமி கொடுத்தது. திருத்தங்கல் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் அவன் கையில். அட்டை கிழிந்த டைரிகள் அங்கே கிடைக்கும்.

எழுதும் காரணம்: நாய்க்குட்டி. மூன்று மாதம். வெடிக் கம்பெனி வேனுக்கு அடியில் கிடந்தது. வால் சாட்டை மாதிரி சுழலும், அதனால் பேர் சாட்டை. வயிறு சரியில்லை. வந்த நாளிலிருந்தே இப்படி. நேற்று கால்நடை ஆஸ்பத்திரி. பூச்சி மருந்து, ஊசி. டாக்டரம்மா சொன்னது: "என்ன தின்னுச்சு, எத்தனை தடவ வாந்தி, எத்தனை தடவ வெளிய போச்சு, என்ன நிறம், எல்லாம் தினம் எழுதி வைங்க தாத்தா. எழுதத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அந்தக் கேள்விக்காகவே அந்தப் பெண் காலில் விழலாம் போல் இருந்தது.

இன்று:
மோர்ச் சோறு ஒரு கை.
வா. 2 (வாந்தி).
கழி. 3 (கழிச்சல்).
நிறம் பச்சை. புல் தின்றிருக்கும்.

கம்பெனி வேன் வந்து பேப்பர் லோடு போட்டது. நானும் என் வீட்டுக்காரி பேச்சியம்மாளும் மாலை வரை பேப்பரில் பசை தடவி வெடிக் குழாய் சுற்றினோம். அவள் பேரை முழுதாக எழுத வலிக்கிறது. இனி பே.

வேலை முடிந்து கையை நீட்டினால் சாட்டை ஒவ்வொரு விரலாக நக்கித் துடைத்துவிடும். பிறகுதான் தண்ணீருக்குப் போவேன். என்ன நாக்கு. பூ மாதிரி.

செப்டம்பர் 4, வியாழன்

வா. 5. கழி. 6. பச்சை, கொஞ்சம் நீலம். மாதுளம் ஓடு வேக வைத்த தண்ணீர் புகட்டினேன். என் வேட்டியில் கக்கியது. மதியம் கம்பெனிப் பக்கம் டெஸ்ட் வெடி. பாத்திரம் ஆடியது. குட்டி கட்டிலுக்கு அடியில் போய் அங்கேயே இருந்துவிட்டது. இழுத்து எடுத்தேன். நெஞ்சுக்கூடு என் உள்ளங்கையில் படபட என்று அடித்தது.

குழாய் மிச்சத்தைச் சுற்றி முடித்தோம்.

செப்டம்பர் 6, சனி

லோடு இல்லை. நேற்றும் இல்லை. வா. 0. கழி. 1. குட்டி ஓடுகிறது! ஓடிப் போய்க் கருப்பசாமியின் கோழிக் கூட்டில் தலையை விட்டது. ஒரு குஞ்சு செத்தது.

அவன் வாசலில் நின்று கத்தினான்: "சோலை மாமா, இது மூணாவது குஞ்சு. இன்னொன்னு போச்சுன்னா சோத்துல மருந்த வச்சிருவேன், சொல்லிட்டேன்."

"வச்சுப் பாருலே மாப்ளே. அந்தச் சோத்த ஒன் வாயிலயே திணிப்பேன்."

"வாரும், வந்து திணியும். பல்லு இருக்கான்னு மொதல்ல பாரும்."

ஆறு பல் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

மேகம், மழை இல்லை. லோடு வந்தது, பெரிய லோடு. தீபாவளி ஆர்டர். பே. இரண்டு சட்டி பசை கிண்டினாள். சாட்டை மடியிலேயே கிடந்தது. மாலையில் விரல் எல்லாம் நக்கியது, நகத்தின் இடுக்கு வரை. சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது.

ஒரு மணி நேரத்தில் வா. 4.

செப்டம்பர் 9, செவ்வாய்

ரத்தம். வாந்தியில் ரத்தம், கழிச்சலிலும். கால் மடங்கி விழுந்தது. கண் மேலே போயிற்று.

காலையில் இது கருப்பசாமி வீட்டுப் பக்கம் போய் வந்ததை நான் பார்த்தேன். மருந்து வைப்பேன் என்று ஊர் கேட்கச் சொன்னவன் அவன். வேறு என்ன யோசிக்க?

பசை கிண்டும் துடுப்பை எடுத்துக்கொண்டு போனேன். அவன் பிரஸ்ஸுக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு கைதான் சட்டைக்குள்.

முதல் அடி தோளில். இரண்டாவது அடி, தடுக்க வந்த வலது கையில். காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. மூன்றாவது அவன் குனிந்ததால் கூட்டில் விழுந்தது. கூடு சரிந்தது. தெரு முழுக்கக் கோழி.

"மாமா, நான் ஒண்ணும் வைக்கல! எம்புள்ளைக மேல சத்தியமா வைக்கல!"

அதற்கு மேலும் ஒன்று கொடுத்தேன். முதுகில்.

பொய் எழுதக் கூடாது. நன்றாக இருந்தது. லோடு ஏற்றிய காலத்தில் என்னிடம் ஒருத்தன் வாய் கொடுக்க மாட்டான். அந்த வலு இன்னும் இருக்கிறது என்று தெரிந்தது. பேனா பிடிக்கும்போது நடுங்குகிற கை துடுப்பைப் பிடிக்கும்போது நடுங்கவில்லை.

பே. குட்டியைத் துணியில் சுற்றி பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். என்னைக் கூப்பிடவில்லை. குளுக்கோஸ் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தாள்.

செப்டம்பர் 10, புதன்

பே. பேசவில்லை. பசை கிண்டவும் இல்லை. பேப்பர் அப்படியே கிடக்கிறது.

தெருவில் கேட்டது: கருப்பசாமிக்கு மணிக்கட்டு விலகிவிட்டது. எலும்பு வைத்தியரிடம் காட்டி, முட்டையும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். போலீசுக்குப் போகச் சொன்னார்களாம். "எங்க மாமா, எங்களுக்குள்ள" என்றானாம்.

அது கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம்தான்.

வா. 1. கழி. 2. கஞ்சித் தண்ணீர் குடித்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

வா. 0. கழி. 1, கெட்டியாக! இதைப் பார்த்து ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்பட முடியுமா? போய்ப் பார்த்துவிட்டு வந்து, இன்னொரு தடவை போய்ப் பார்த்தேன்.

டீக்கடையில் எல்லோரிடமும் சொன்னேன்: "குட்டி வயிறு டாக்டரு ஊசிக்குக் கேக்கல, மாதுளை ஓட்டுக்குக் கேக்கல. துடுப்புக்குக் கேட்டுச்சு பாத்தீகளா?" சிரித்தார்கள். டீ மாஸ்டர், "அப்ப என் பொண்டாட்டி வயித்து வலிக்கி நான் எவன அடிக்க அண்ணாச்சி?" என்றார். இன்னும் சிரித்தோம்.

செப்டம்பர் 15, திங்கள்

வேன் டிரைவர் வந்து சத்தம் போட்டான். சீசனில் பேப்பரைப் பூட்டி வைத்தால் வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவானாம். பே. முகத்தைத் திருப்பிக்கொண்டே பசை கிண்டினாள். பகல் முழுக்க உட்கார்ந்து இருவரும் சுற்றினோம். சாட்டை விரல் நக்கியது.

மாலை: வா. 6. நீலப் பச்சை. பிறகு ரத்தம்.

துடுப்பை எடுத்துவிட்டேன். வாசல் தாண்டும்போது பே. வாயைத் திறந்தாள். ஆறு நாளுக்கு அப்புறம் முதல் பேச்சு.

"எங்க போறீக? அவன் பொண்டாட்டி புள்ளைகளோட வியாழக்கிழமையில இருந்து வைத்தியர் வீட்டுல கெடக்கான். பூட்டுன வீட்டப் போயி அடிங்க."

பூட்டு தொங்கியது. துடுப்போடு அங்கேயே நின்றேன். ஒரு கோழி வந்து என் கால் விரலைக் கொத்தியது.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஆஸ்பத்திரி. குட்டிக்கு உள்ளே குளுக்கோஸ் ஏறுகிறது. நான் வெளியே பெஞ்சில். எருமை ஒன்று, ஆடு நான்கு, நான். டாக்டரம்மா கேட்டாலும் கேட்பார் என்று டைரியைக் கொண்டுபோயிருந்தேன். எழுதியிருக்கிறேனே தவிர இதுவரை திரும்பப் படித்ததில்லை. விரல் வைத்துப் படித்தேன். என் எழுத்து எனக்கே கஷ்டம்.

3ஆம் தேதி லோடு. வாந்தி.
4 மிச்ச வேலை. வாந்தி.
6 லோடு இல்லை. ஓடுகிறது.
8 லோடு. வாந்தி.
9 ரத்தம்.
10 பசை இல்லை. தேறுகிறது.
12 கெட்டி.
15 லோடு. ரத்தம்.

இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை சத்தமாகப் படித்தேன். ஆட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள்.

பசை. மைதாப் பசையில் பே. மயில்துத்தம் போடுவாள். நீலக் கல், பொடித்துப் போடுவது. இல்லாவிட்டால் எலியும் எறும்பும் குழாயைத் தின்றுவிடும். இந்த ஊரில் பசை கிண்டும் எல்லோரும் போடுவார்கள்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "துத்தமா? குடலே புண்ணாயிருக்கும் தாத்தா. முன்னாலயே சொல்லியிருக்கலாம்ல?" வேறு மருந்து மாற்றினார். குட்டி அங்கேயே இருக்கட்டும், நாளைக்குத்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்.

வீட்டுக்கு வந்த வேகம் எனக்கே தெரியாது. பே. முற்றத்தில் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்தாள். துடுப்பு சுவரில் சாய்ந்திருந்தது. எடுத்தேன்.

"ஒன் பசைதான்டி. ஒன் துத்தந்தான் எங்குட்டியக் கொல்லுது."

ஓங்கிவிட்டேன். இவளை அடித்த நாட்கள் உண்டு. நிறைய உண்டு. எழுதத்தான் வேண்டும், உண்டு.

அவள் எழுந்திருக்கவில்லை. பேப்பரைக் கீழே வைத்தாள்.

"அடிங்க. ஆனா அடிச்சிட்டு அந்த நோட்டுல எழுதணும். தேதி போட்டு, எம்பேர முழுசா போட்டு எழுதணும். இம்புட்டு வருசம் வாங்குனதுக்கு ஒரு வரி கூட இல்ல. இதுக்காவது இருக்கட்டும்."

கை மேலேயே நின்றது. அந்த வரியை மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். பே, ச், சி, ய, ம், மா, ளை. அதற்கு அடுத்த வார்த்தை வரவில்லை. துடுப்பைக் கீழே போட்டேன்.

பிறகு அவள் எழுந்து வந்து என் வலது கையைப் பிடித்து வெளிச்சத்தில் விரித்தாள். நகத்து இடுக்கில் பச்சை. ரேகையில் காய்ந்த பசை.

"சட்டிய மூடி மேல கல்லு வச்சிருக்கேன். அதுல வாய் வைக்கல அது. அதுக்குக் கையக் கொடுத்து ஊட்டுனது யாரு?"

பே. என்று சுருக்கி எழுதியதை இனி நிறுத்துகிறேன். பேச்சியம்மாள்.

செப்டம்பர் 17, புதன்

சாட்டை உயிரோடு இருக்கிறது. தலை தூக்கியது. என்னைப் பார்த்ததும் என் கையைத்தான் தேடியது. நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். நேற்றிலிருந்து எத்தனை தடவை சோப்புப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. இருந்தாலும் கொடுக்கவில்லை. அது முனகியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பதை விடக் கருப்பசாமி என்னை அடித்திருக்கலாம்.

செப்டம்பர் 18, வியாழன்

மழை ஒரு பாட்டம். கருப்பசாமி திரும்பிவிட்டான் என்று பேச்சியம்மாள் சொன்னாள். சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள்.

போனேன். கோழிக் கூட்டை இடது கையால் நிமிர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒரு பக்கம் தூக்கினேன். நிமிர்ந்தது.

சொன்னேன். துத்தம், பசை, கை, எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தான். முதலில் சிரித்தான். பிறகு முகம் கறுத்தது.

"அப்ப நீரு ஊட்டுன வெசத்துக்கு எங்கைய ஒடிச்சீரு."

"ஆமா மாப்ளே."

"காலண்டர் சீசன். கட்டிங் மிசினு முன்னால நிக்க வேண்டியவன் கோழிக்கூட்டு முன்னால உக்காந்திருக்கேன். எஞ்சட்டைக்கிப் பித்தான எம்பொண்டாட்டி போட்டு விடுதா. தெருவே பாத்துச் சிரிக்கி."

"அடி. இப்பவே அடி. திருப்பி ஓங்க மாட்டேன்."

"இடது கையால அடிச்சா எனக்கு நெறையாது மாமா."

எட்டி ஒரு உதை விட்டான். என் மேல் இல்லை, கூட்டின் மேல். நிமிர்த்திய கூடு மறுபடி சரிந்தது. கோழிகள் மறுபடி தெருவில். அவன் மூச்சு வாங்கி நின்றான்.

"செவ்வாக்கெழம கட்டுப் பிரிக்காக. புதங்கெழம காலையில வாரும். துடுப்ப நீரே கொண்டாரும்."

"எங்க அடிப்ப?"

"நீரு எங்க அடிச்சீரோ அங்கன."

தோள், கை, முதுகு. அவன் மறக்கவில்லை. நான்தான் எழுதி வைத்திருக்கிறேனே, நானும் மறக்கவில்லை.

வலது கையை மட்டும் விட்டுவிடேன், எழுதுகிற கை என்றேன்.

"எங்கையும் வேலை செய்யுத கைதான மாமா."

சரி என்றேன். ஓடிய கோழிகளை நானே பிடித்து அடைத்தேன், ஒன்பது. குழாயடியிலிருந்து அவன் வீட்டுக்குத் தண்ணீரும் தூக்கினேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாட்டை: வா. 0. கழி. 1. இளநீர் ஒரு சங்கு. நாளை வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

புதன்கிழமை போய்த்தான் ஆக வேண்டும். பயமாக இருக்கிறது, என்னவோ சந்தோஷமாகவும் இருக்கிறது. போய் வாங்கிக்கொண்டு வந்து, அடுத்த வாரம் எழுதுகிறேன். எந்தக் கையால் என்று இப்போது சொல்ல முடியாது.