பீர் ஊத்தின கை

எல் ஆல்டோ,
திங்கட்கிழமை.

எட்சனுக்கு அம்மா எழுதறது. இங்க நானும் உன் தங்கச்சி லூர்தெஸும் சொகமா இருக்கோம். நீ எப்படி இருக்கேன்னு கேக்கத் தேவையில்ல, முந்தின ஞாயித்துக்கிழமை போன்ல நீ கத்தின கத்துலயே உன் ஒடம்புக்கு ஒரு கொறையும் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. நான் வாயைத் தெறக்கறதுக்குள்ள ரெண்டு தடவை போனை வெச்சுட்டே. அதான் காகிதத்துல எழுதறேன், இதைப் பாதியில வெக்க முடியாது பாரு. பக்கத்து வீட்டு கஸ்தாவோட மவ புதன்கிழமை நீ இருக்கற வலென்சியாவுக்குப் பறக்கறா, அவ கையில குடுத்து விடறேன். கடைசி வரைக்கும் படி, கூட வெச்சிருக்கறதை அப்பறம் பாரு.

நீ என்ன சொன்னேன்னு உனக்கே மறந்திருக்கும், எனக்கு மறக்கல. கிழவிக்கு வாரண்டின்னா என்னன்னு தெரியுமா, மலையில இருந்து எறங்கின புத்தி எங்க போகும், பீரை ஊத்தி என்ஜினைக் கெடுத்துட்டா, வண்டியை வித்துடறேன், சனிக்கிழமை தம்பி க்ரோவர் வந்து சாவியை வாங்கிப்பான்னு சொன்னே. லூர்தெஸ் பக்கத்துலதான் நின்னா, எல்லாம் அவ காதுலயும் விழுந்துச்சு. நல்லா இருக்குடா ஞாயம். அந்த வண்டி என்ன உன் அப்பன் வீட்டுச் சீதனமா? பாதிப் பணம் நீ அனுப்பினே, ஒத்துக்கறேன். மீதிப் பாதி நான் இருபத்திரண்டு வருஷம் குந்தி உருளைக்கெழங்கு வித்த கடை. அதை வித்துத்தான் போட்டேன். பேர் மட்டும் உன் பேர், ஏன்னா ஒரு பேர்தான் எழுதுவாங்கன்னு நீ சொன்னே, நானும் புள்ளைதானேன்னு தலையாட்டினேன். இன்னிக்கு எனக்குக் கடையும் இல்ல. காலையில அஞ்சு மணிக்கு வண்டியை எடுத்து, கீழ லா பாஸுக்கும் மேல நம்ம ஊருக்கும் ஆள் ஏத்தி எறக்கினாத்தான் எங்க சூப்புல கெழங்கு விழும். அந்தச் சாவியைத்தான் நீ க்ரோவர் கையில குடுக்கச் சொல்றே.

வாரண்டியைப் பத்தி எனக்கா தெரியாது? மூணு வருஷம் இல்லாட்டி ஒரு லட்சம் கிலோமீட்டர், அதுவும் அஞ்சாயிரத்துக்கு ஒருக்கா கம்பெனியிலயே சர்வீஸ் விட்டாத்தான் செல்லும்னு நீ வாங்கின அன்னிக்கே மந்திரம் மாதிரி ஓதிட்டுப் போனே. தெரு மெக்கானிக் ஒரு திருகாணியைத் தொட்டாக்கூட வாரண்டி போச்சுன்னே. நான் ஓட்டற ஓட்டத்துக்கு அஞ்சாயிரம் ஒண்ணரை மாசத்துல வந்துடும். பதினேழு தடவை போனேன்டா. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பொழப்பு போச்சு. ஆயிலை மாத்தறதுக்குத் தொளாயிரம் பொலிவியானோ, கேட்டா பரிசோதனைக் கட்டணம்னு சொல்லி ஒரு காப்பி குடுப்பான். சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வாயை மூடிக்கிட்டுக் கட்டினேன், என்னிக்காவது பெருசா ஏதாச்சும் போனா அவன் பாத்துப்பான்னு நீ சொன்ன ஒரே வார்த்தைக்காக.

போச்சு. ஆகஸ்ட் கடைசியில அந்த மஞ்சள் வெளக்கு எரிய ஆரம்பிச்சுது. வண்டி பெட்ரோலைக் குடிகாரன் மாதிரி குடிக்குது, பின்னால கரும்பொகை, ஏறினவங்க எல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு ஏன் அம்மா, அடுப்புல ஏதாவது தீயுதான்னு கேலி பேசறாங்க. கம்பெனிக்குக் கொண்டு போனேன். ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சுன்னான். அது என்ஜினுக்கு மூக்கு மாதிரியாம், பொகையை மோந்து பாத்து எவ்வளவு பெட்ரோல் விடணும்னு சொல்லுமாம். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, ரெண்டையும் மாத்தணும், அஞ்சாயிரத்து அறுநூறுன்னான். வாரண்டி இருக்கேய்யான்னு சொன்னேன். அந்தக் கம்பெனி மெக்கானிக் பையன் ஒரு இடுக்கியை எடுத்து, என்ஜின் சூட்டைத் தடுக்கற தகட்டுல ஒட்டிக்கிட்டு இருந்த கலர்ப் பொட்டுக் காகிதத்தை ஒவ்வொண்ணாப் பிச்சு வெள்ளைத் தாள்ல அடுக்கினான். செவப்பு, பச்சை, மஞ்சள். அதெல்லாம் சீனிப் பாகு மாதிரி பிசுபிசுன்னு ஒட்டியிருந்துச்சு. கொதிக்கற என்ஜின்ல பீரை ஊத்தியிருக்கீங்க, சென்சாருக்குள்ள இருக்கற பீங்கான் வெடிச்சுப் போச்சு, வாரண்டி கெடையாது, யார் ஊத்தினதுன்னு கேட்டான். அந்தக் கூடத்துல கோட்டு போட்டவன் எல்லாம் திரும்பி என் மலைநாட்டுப் பாவாடையையும் தொப்பியையும் பாத்துச் சிரிச்சான். நான்தான் ஊத்தினேன்னு சொன்னேன். கையெழுத்தும் போட்டேன். அதைத்தான் அவன் உனக்குப் போன் போட்டு, உங்க அம்மா ஊத்திட்டாங்கன்னு சொன்னான்.

இப்ப கேளு. வருஷா வருஷம் கோபகபானா மாதா கோயில் வாசல்ல வண்டியை மந்திரிக்கறோம், ஊர்ல ஒருத்தன் வண்டி வெடிச்சுதா? வண்டியை நிறுத்தி, பூ கட்டி, கலர்ப் பொட்டுக் காகிதம் தூவி, சாமியார் வர்ற வரைக்கும் ஆற விட்டு, அப்பறம் பூமித்தாய்க்குத் தரையில கொஞ்சம் பீர், நாலு சக்கரத்துக்குக் கொஞ்சம், பானட் மேல நாலு சொட்டு. அதுதான் மொறை. என் தாலாட்டுலயே உனக்கு அது தெரியும். ஆனா இந்த ஆகஸ்ட்ல ரெண்டு வருஷம் கழிச்சு வந்த தொரை நீ, கோயிலுக்குப் போற வழியில திக்கினாங்கற மலையேத்தத்துல வண்டியை அடிச்சு வெரட்டிக்கிட்டுப் போனே. வழியிலயே நாலு பாட்டில் உள்ள போயிருந்துச்சு. நாளைக்கு ஃப்ளைட் அம்மா, ஆறற வரைக்கும் எவன் நிப்பான்னு சொல்லிக் கோயில் வாசல்ல பானட்டைத் தெறந்தே. வேணாம்டா கொதிக்குதுன்னு கத்தினேன். வலென்சியாவுல சம்பாரிச்சவன் சொட்டு சொட்டாவா ஊத்துவான்னு கேட்டு மந்திரிக்க வெச்சிருந்த ரெண்டு பீர் பாட்டிலையும் என்ஜின் மேல கவுத்தே. குபுகுபுன்னு ஆவி வந்துச்சு. பூமித்தாய் ஏப்பம் விடறா பாருன்னு சிரிச்சே, அப்பறம் பின்சீட்டுல படுத்துத் தூங்கிட்டே. உனக்கு ஞாபகம் இருக்காது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க?

உன்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுதான் நான் ஊத்தினேன்னு சொன்னேன். புள்ளை அந்நிய தேசத்துல கஷ்டப்படறான், அவன் பேர் அந்தத் தாள்ல வேணாம்னு பாத்தேன். அதுக்கு நீ குடுத்த பட்டம் மலைப்புத்தி. அடேய், எனக்குப் புத்தி இருந்துச்சு, ஆற விடச் சொன்னேன். கோட்டும் சூட்டும் போட்ட உனக்குத்தான் அது இல்ல.

வண்டியைப் பத்திக் கவலைப்படாதே. நம்ம தெரு மெக்கானிக் தோன் செவெரோகிட்ட போனேன், ஆமா, நீ தொடவே கூடாதுன்ன அதே ஆள்கிட்டதான். அவர் மீட்டரை வெச்சுப் பாத்துட்டு, பின்னால இருக்கறது கல்லு மாதிரி இருக்கு, முன்னாலது மட்டும்தான் செத்துப் போச்சுன்னார். ஒண்ணுக்கு ரெண்டா என் தலையில கட்டப் பாத்திருக்கான் உன் கம்பெனிக்காரன். ஒயரை வெட்டி ஒட்டினதை வாங்கிடாதீங்க, ப்ளக் அப்படியே பொருந்தணும்னு சொல்லிப் பழசோட நம்பரை எழுதிக் கையில குடுத்தார். வியாழக்கெழமைச் சந்தையில ஏழு கடை ஏறி எறங்கி, நானூத்து இருபதுக்குப் புதுசு வாங்கினேன். ராத்திரி பூரா எண்ணெய் விட்டு ஊற வெச்சு, காலையில என்ஜினைக் கொஞ்சம் சூடாக்கி, ஒரே திருப்புல கழட்டிட்டார். கூலி எண்பது. மஞ்சள் வெளக்கு அணைஞ்சுது, பொகையும் இல்ல. வாரண்டியும் போச்சு, பதினெட்டாவது காப்பியும் மிச்சம்.

சனிக்கெழமை க்ரோவர் வந்தான். உன் சித்தப்பன் மவன்தான், ஆனா உன்னைவிட மானம் உள்ளவன். வாசல்லயே நின்னு தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, பெரியம்மா, அண்ணன் சாவி வாங்கிட்டு வரச் சொன்னான்னு இழுத்தான். கடலை சூப் ரெண்டு கிண்ணம் குடிக்க வெச்சு, பஸ் ஏத்தி அனுப்பினேன். சாவி என் கழுத்துக் கயித்துல தொங்குது. இனிமே எவனையும் அனுப்பாதே. வேணும்னா நீயே வந்து, என் மூஞ்சியைப் பாத்துக் கேளு.

இல்லன்னா அங்க இருக்கற நம்ம தூதரகத்துக்குப் போயி, வண்டியை அம்மா பேருக்கு மாத்தக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. உன் பாதிப் பணத்தை மாசா மாசம் அடைச்சுடறேன். மாதாவும் பூமித்தாயும் உன்னை ஒரு கொறையும் இல்லாம வெக்கட்டும், கோவத்துலயும் இதை மனசாரத்தான் சொல்றேன். அங்க குளுரு வந்தாச்சாம், கழுத்தை மூடிக்கோ. குடிச்சுட்டு வண்டி ஓட்டாதே.

கூட இருக்கற படம் கோயில் வாசல் போட்டோக்காரர் எடுத்தது. யாருக்கும் காட்டல, உன் தங்கச்சிக்குக்கூட. பாட்டில் பிடிச்சிருக்கற கை எதுன்னு பாத்துக்கோ, மணிக்கட்டுல அந்த வலென்சியா வாட்ச் இருக்கு. அந்தக் கையைத் தடுக்கப் பிடிச்சிருக்கறது என் கை.

உன் அம்மா,
எவுலோஹியா சிபானா.