கடல் உள்ளே வந்த வெள்ளி

ஜனவரி 21, ஞாயிறு

மழை விடவில்லை. வீட்டுக்காரர் அஹ்ஸன் காலையும் மாலையும் வயலைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். பார்த்தால் தண்ணீர் வடிந்துவிடுமா? கேட்கவில்லை, கேட்டால் சண்டை. கதிர் வெளிவருகிற பயிர் வெள்ளத்துக்குள் நிற்கிறது. கடலை ஒட்டிய களப்பு நிரம்பி வரம்பே தெரியவில்லை. களப்பு கடலில் சேரும் முகத்துவாரத்து மண்திட்டை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு ஓடிவிடும் என்கிறார். பெருமழை வருகிற வருஷமெல்லாம் இந்தப் பேச்சுத்தான்.

ஜனவரி 22, திங்கள்

பத்தாம் வகுப்புக்குச் சூழற்றொகுதி தொடங்கினேன். ஓரிடத்தில் வாழும் ஒரே இன உயிரிகள் குடித்தொகை. பல குடித்தொகைகள் சேர்ந்தால் சாகியம். சாகியத்தோடு அங்குள்ள மண், நீர், வெயில், உப்பு எல்லாம் சேர்ந்தால் சூழற்றொகுதி. உதாரணத்துக்கு நம் களப்பையே எடுத்தேன். பாசியைத் தின்னும் இறால், இறாலைத் தின்னும் கொடுவா, கொடுவாவைத் தின்னும் நாம். "டீச்சர், நம்மள ஆரு தின்னுற?" என்றாள் கடைசி வாங்கில் இருந்த ஒருத்தி. வகுப்பே சிரித்தது. நானும்தான்.

பின்னேரம் தம்பி முஸ்தாக் வந்தான். களப்பில் வலை போட்டுப் பிழைக்கிறவன். "ராத்தா, மச்சானுக்குச் சொல்லு. இறால் இன்னும் விரல் பருமனில்ல. இப்ப வெட்டினா எல்லாம் கடலோட போயிரும்."

"நீயே சொல்லன்."

"அவரு எனக்கு முகம் தாறாரில்ல."

ஒரு வீட்டில் நெல், மற்ற வீட்டில் இறால். நடுவில் சோறும் கறியும் ஆக்குகிறவள் நான்.

ஜனவரி 24, புதன்

விவசாயிகள் கூட்டத்தில் முடிவு சொல்லிவிட்டார்கள். கடல் பொங்கி நிற்கிறது, நாளை பௌர்ணமிப் போயா வேறு. அலை ஓயட்டும், திங்கட்கிழமை வெட்டலாம் என்று. அஹ்ஸன் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வந்தார். "திங்கக்கிழமை என்னத்த வெட்டுற? அழுகின பயிரையா?"

களப்பு கடலைவிட உயர்ந்து நின்றால்தான் தண்ணீர் வெளியே போகும், கடல் உயர்ந்தால் அது உள்ளே வரும், உப்பு ஏறினால் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது என்றேன். "வகுப்ப பள்ளிக்கூடத்தோட வைச்சுக்க. நீ தம்பிக்காகக் கதைக்காய்."

பாதி உண்மை. அதுதான் குத்தியது.

ஜனவரி 26, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், இன்றே வெட்டுவதென்று பள்ளிவாசல் முன்னாலேயே கூடிவிட்டார்களாம். வெள்ளி என்றால் ஆண்கள் எல்லாரும் ஊரில், ஒரே இடத்தில். ஆள் கூடியதைப் பார்த்தார்களே தவிர, கடலை யார் பார்த்தார்கள்? வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை அச்சிமுகம்மதுதான் முன்னுக்கு நின்றாராம். அஹ்ஸன் வந்து சாரனை மாற்றிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். வாசலில் மறித்தேன்.

"அங்க முஸ்தாக் நிப்பான். கை வைச்சிராதீங்க."

"அவன் வைக்காட்டி நானும் வைக்கமாட்டன்."

போய்விட்டார். எழுத்து கோணல்மாணலாக வருகிறது. யா அல்லாஹ், ரெண்டு பேரும் முழுசா வரணும். அதுக்குப் பொறகு நெல்லாவது இறாலாவது!

மஃரிப் தொழுகைக்குப் பின் - வந்துவிட்டார். அடிபிடி இல்லை. முஸ்தாக்கின் ஆட்கள் மண்திட்டில் குந்திக்கொண்டார்களாம். இவர்கள் அவர்களைச் சுற்றி வெட்டினார்களாம். தண்ணீர் பாய்ந்தபோது அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார்களாம். பல நாளைக்குப் பிறகு சிரித்தார்.

ஜனவரி 27, சனி

கடல் உள்ளே வந்துவிட்டது.

ஜனவரி 28, ஞாயிறு

வெள்ளம் கொஞ்சநேரம் ஓடியதுதான். கடல் ஏறியதும் அலை திரும்பி வந்திருக்கிறது. வெட்டிய வாய் இரு பக்கமும் இடிந்து அகன்றுவிட்டது, அடைக்க முடியாது. விரால்கள் செத்துக் கரையொதுங்குகின்றன. வாய்க்கு மிகக் கிட்ட இருப்பது எங்கள் காணி. அவர் குனிந்து தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பு" என்றார்.

சொன்னேனே என்று நுனிநாக்கு வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

பெப்ரவரி 9, வெள்ளி

இலை நுனியில் தொடங்கிய கருகல் அடிவரை போய்விட்டது. கதிரெல்லாம் பதர். மேட்டுக்காணிக்காரர்களுக்கு ஒன்றுமில்லை. வட்டவிதானை அச்சிமுகம்மது கண்டும் காணாததுபோல் போகிறார். அஹ்ஸனும் முஸ்தாக்கும் கதைப்பதில்லை. அவர் என்னோடும் கதைப்பதில்லை. வீட்டில் நான் ஒருத்திதான் கதைக்கிறேன், பூனையோடு.

மார்ச் 2, சனி

காணியில் நண்டு வளை போட்டிருக்கிறது. நெல்லுக்கு ஆகாத இடம் நண்டுக்கு ஆகிவிட்டது. வகுப்பில் சொல்ல நல்ல உதாரணம். வாய் வரவில்லை.

மார்ச் 30, சனி

நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன் முஸ்தாக் ஒரு பை இறாலோடு வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. "போனதவிட கூடக் குஞ்சு கடலோட உள்ள வந்திரிக்கி ராத்தா. களப்பு நிறைய இறால். நாங்க சொன்னதும் பிழையாப் போயிட்டு."

பொரித்து வைத்தேன். அவர் கஞ்சியை மட்டும் குடித்தார். "என்ட நெல்லத் திண்டு வளந்த இறால்" என்றார்.

பொய்யில்லை. செத்த பயிர் உக்கித்தான் களப்புக்கு இரையாகிறது, நானே படிப்பிக்கிறேன். ஆனாலும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. எத்தனை நாளைக்கு இப்பிடி? நான் மட்டும் மனுசியில்லையா? முழுத் தட்டையும் நானே தின்றேன், அழுதுகொண்டு.

ஏப்ரல் 20, சனி

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அவரைக் காணவில்லை. போன் கட்டிலில் கிடக்கிறது. செருப்பு இல்லை. இவ்வளவு நாளும் வாய் திறக்காத மனிதன். பர்தாவை மாட்டிக்கொண்டு வயலுக்கு ஓடினேன். அங்கும் இல்லை. களப்புப் பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது. முஸ்தாக்குக்குப் போன் எடுத்தேன். முதலில் காற்றுச் சத்தம் மட்டும்.

"மச்சான் எனக்கிட்டத்தான் இரிக்காரு, தோணியில. வலை இழுக்கத் தெரியா. எனக்குப் புத்தி சொல்ல மட்டும் தெரியுது."

பின்னாலிருந்து அவர் குரல்: "போன வைச்சிட்டு வலையப் புடிடா!"

வரம்பிலேயே குந்திவிட்டேன். அழுது முடிய வெயில் ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்து தம்பிக்கும் சேர்த்து உலை வைத்தேன்.