மெர்சிங் கரைக்கு ஒரு தொகுப்பு

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து புகைமூட்டம். துணி காயப்போட்டால் கருகல் வாசனை. உள்ளேயே கொடி கட்டியாச்சு.

சனிக்கிழமை மெர்சிங். தோழி ஜெஸியின் அண்ணன் நடத்தும் கடற்கரை விடுதியில் மாலை ஐந்திலிருந்து இருட்டும் வரை நான் ஒட்டிச் சேர்த்த பாட்டுத் தொகுப்பு. எல்லாம் தொண்ணூறுகளின் மின்னிசை. நடுநடுவே மொராக்கோ குழல், நறுக்கிப் போட்ட தபலா, யாரோ குளிர்தேசத்துப் பெண்களின் கூட்டுக்குரல். இத்தனை வருடம் இணையத்தில் ஏற்றிவிட்டு, போலந்தில் எவனோ கேட்டான் என்று சந்தோஷப்பட்டதோடு சரி. எதிரே ஆள் உட்கார்ந்து கேட்கப்போவது இதுதான் முதல் தடவை.

அலைச் சத்தம் சேர்க்கச் சொல்கிறாள் ஜெஸி. கடலுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு கடல் சத்தத்தைப் போட்டுக் காட்டுவதா? மாட்டேன்.

போகலாமா என்று வீட்டுக்காரர் தியாகுவிடம் கேட்டேன். சிங்கப்பூர் வேலை முடிந்து எல்லைப் பாலத்து நெரிசலில் நசுங்கி வந்த முகம். மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும்.

"அப்பா கத்தாம இருக்கணும். உன் பாட்டு இருந்தா பேசாம இருக்காருல்ல? நாள் பூரா ஓடுற மாதிரி ஒண்ணு செஞ்சு வெச்சிட்டுப் போ லா."

மாமாவுக்கு நினைவு கலைந்து ஒரு வருடம். யாரையும் தெரியாது. கூடத்தில் சாய்வு நாற்காலி, பக்கத்தில் என் நாற்காலி. லேப்டாப்பை மடியில் வைத்து, ஒரு காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, ஸ்பீக்கரிலும் ஓடவிட்டு நான் வேலை செய்யும்போது மட்டும் அமைதி. மற்ற நேரம் ஒரே கத்தல்: "எங்கடா போற!" யாரைக் கேட்கிறார் என்று எவருக்கும் தெரியாது. "உன் பாட்டுதான் மருந்து" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்லியாச்சு. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான்.

ஆக, மெர்சிங்குக்குப் போட்டதையே வீட்டிலும் ஓடவிடலாம். மாமா கேட்டுக்கொண்டு கிடப்பார். நான் போகலாம்.

வாங்க வேண்டியது: பெரியவர் டயப்பர், ஓட்ஸ், பென்டிரைவ்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சோதனை ஓட்டம். முதல் பாட்டு முழுக்க மாமா சாது. இரண்டாவதாக மங்கோலியத் தொண்டைப் பாட்டு. இரண்டு பாட்டும் சேரும் ஒட்டு வந்த இடத்தில் கத்தத் தொடங்கினார். "எங்கடா போற! டேய்!" பக்கத்து வீட்டு நாய் பதில் சொல்லும் அளவுக்கு.

சரி, தொண்டை பிடிக்கவில்லை போல. வெட்டியாச்சு.

அடுத்தது மொராக்கோ குழல். திரும்பவும் ஒட்டு வந்த இடத்தில் கத்தல். வெட்டியாச்சு. பிறகு தபலா. அதுவும் போச்சு.

ஒட்டுதான் கோளாறா? ஒவ்வொரு ஒட்டுக்கும் எழுந்துபோய்ச் சமையல்கட்டு வாசலில் நின்று கேட்பது என் பழக்கம். தூரத்திலிருந்து கேட்டால்தான் தையல் தெரியும். அங்கே நின்று பார்த்தேன். எல்லாம் சுத்தம். எனக்குத் தெரியாத தையல் நினைவில்லாத மனுஷருக்குத் தெரிகிறதா?

ஜெஸி போன். "சனிக்கிழமை ஒம்பது மணிக்கு வாசல்ல நிப்பேன். சாக்கு சொன்ன, கொன்னுருவேன்."

ஆகஸ்ட் 6, புதன்

மூட்டமும் இல்லை, மழையும் இல்லை. தலைவலி.

ஒட்டுகளை இழைத்து இழைத்து, ஒரு பாட்டு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத அளவுக்குக் கொண்டுவந்தேன். விளைவு: கஞ்சி. லிஃப்டில் ஓடவிடலாம். இதைக் கேட்கத்தான் இந்த பெர்மாஸ் ஜெயா வீட்டிலிருந்து மெர்சிங்குக்கு ஒருத்தி போகிறாளாம்.

மாமா அப்படியும் கத்தினார். சமையல்கட்டு வாசலில் நின்றபடி நானும் கத்தினேன். "என்னதான் மாமா வேணும் உங்களுக்கு?" மரியாதையோடு கத்துவது கஷ்டம்.

சாயங்காலம் கதவுக் கம்பிக்குள்ளிருந்து தெருவைப் பார்த்து நின்றேன். எதிர்வீட்டு அம்மா கார் கழுவுகிறார். அந்த ஈரத்தில் செருப்பில்லாமல் நடந்தால் போதும் என்று தோன்றியது. கடைசியாக எப்போது தனியாக வெளியே போனேன்? பல் டாக்டரிடம்.

வேலையிலிருந்து வந்த தி. சோபாவிலேயே தூங்கிவிட்டார், சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. பாவம். கோபமும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரி எப்போதோ செத்தது. ஸ்பீக்கர், காற்றாடி, எல்லாம் நின்றது. கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். எழுந்திருக்கத் தெம்பில்லை, நாற்காலியிலேயே கிடந்தேன்.

கத்தவில்லை. சப்தமே இல்லாத வீட்டில் அப்படி ஒரு அமைதி மாமாவுக்கு. இடது கை மட்டும் தொடைக்குப் பக்கத்தில் மேலும் கீழும். கியர்.

சன்னலைத் திறக்க எழுந்தேன். "எங்கடா போற!" உட்கார்ந்தேன். நிறுத்தினார். மறுபடி எழுந்தேன். மறுபடி கத்தல்.

மாமா மெர்சிங் காட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்கு மரம் ஏற்றும் லோரி ஓட்டியவர். இடப்பக்கம் எப்போதும் ஒரு கெலிண்டன், உதவிக்கு ஒரு பையன், இருப்பான். கயிறு கட்ட, பின்னால் பார்க்க, ஓட்டுபவர் தூங்கிவிடாமல் பேச்சுக் கொடுக்க. என் நாற்காலி அவருக்கு இடப்பக்கம். ஒட்டு சரியாக இருக்கிறதா என்று நான் எழுந்து போகும்போதெல்லாம், ஓடுகிற லோரியிலிருந்து பையன் குதிக்கிறான்.

ஆறேழு மாதமாக நான் போட்ட எதையும் இந்த மனுஷர் கேட்கவே இல்லை. பாட்டு மருந்து இல்லை. நான்தான்.

பாட்டாக இருந்தால் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம். என்னை எப்படி விட்டுவிட்டுப் போவது?

தி.யிடம் சொல்லவில்லை. சொன்னால் கதை முடிந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வெட்டியதையெல்லாம் திரும்பச் சேர்த்தேன். தொண்டை, குழல், தபலா. ஒட்டுகள் இனி ஒட்டாகவே இருக்கட்டும். மூன்று மணி நேரமும் நாற்காலியை விட்டு எழாமல் கேட்டேன். நன்றாக இருக்கிறது. நானே சொல்லிக்கொள்கிறேன், மிக நன்றாக இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டின்போது தி.யிடம் சொல்லிவிட்டேன். வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது.

"அப்போ நாளைக்கு நான் உக்காந்தா சரியாப் போச்சு."

போய் என் நாற்காலியில் உட்கார்ந்தார். மாமா திரும்பிப் பார்த்தார். "யாருடா நீ? எறங்கு. எறங்குடா!" கையால் தள்ளினார். பெற்ற மகனை.

தி. எழுந்து தண்ணீர் குடித்தார். ரொம்ப நேரம் குடித்தார். பிறகு முதுகைக் காட்டியபடியே, "நீ போ. கத்துனா கத்தட்டும். ஒரு நாளுதானே லா."

பை: ஒரு செட் துணி, பென்டிரைவ் இரண்டு, ஹெட்ஃபோன், கொசு மருந்து.

ஆகஸ்ட் 9, சனி

விடியலில் நல்ல மழை. மூட்டம் கழுவிப்போனது.

ஒன்பதுக்கு ஜெஸியின் கார், சொன்னபடி. தி. பையை எடுத்து வாசலில் வைத்தார். மாமாவிடம் சொல்லாமல் நழுவ மனம் வரவில்லை. கெலிண்டன் இறங்குவது மாதிரியே இறங்கிவிடலாம் என்று ஒரு யோசனை. இறங்குகிறவன் சொல்லிவிட்டு இறங்கினால் யார் கத்தப்போகிறார்கள்?

நாற்காலியில் உட்கார்ந்து, "நான் இங்கயே எறங்கிக்கிறேன்," என்றேன்.

மாமா கத்தவில்லை. வேகத்தைக் குறைப்பது போலக் காலை அழுத்தினார். "எங்க போவணும்?"

பொய் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஸ்கூடாய், கூலாய், எதுவாவது. வாயில் வந்தது உண்மை.

"மெர்சிங்."

முகமெல்லாம் சிரிப்பு. இந்த வீட்டில் ஒரு வருடமாக யாரும் பார்க்காத சிரிப்பு. "நானும் அங்கதாண்டா போறேன்! இங்க எறங்கி பஸ்ஸுக்கு நிப்பியா? உக்காரு, உக்காரு. கொண்டு போய் விடுறேன்."

வெளியே ஹாரன். தி. "போ, நான் பாத்துக்கிறேன்," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னால் எப்படிப் போவது? எனக்கு வந்தது அழுகை இல்லை. ஆத்திரம். இரண்டு பேர் மேலும், அந்தச் சிரிப்பு மேலும்.

பென்டிரைவை தி. கையில் கொடுத்தேன். "ஜெஸிகிட்ட குடுத்துருங்க. அஞ்சு மணிக்குப் போடச் சொல்லுங்க. நடுவுல நிறுத்த வேணாம்னு சொல்லுங்க."

கார் கிளம்பும் சத்தம். பை இன்னும் வாசலிலேயே.

இதை மாமாவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பேசாமல் இருந்தால் பிடிக்கவில்லை. முழங்கையால் இடிக்கிறார்.

"தூங்காதடா. மெர்சிங் ரோட்டுல கோத்தா திங்கி தாண்டியாச்சு."