தூள் பைக்கற்றில் பிலோமினா

ஒக். 27, திங்கள்

விடியத் தொடங்கிய மழை. உடுப்பிட்டியிலிருந்து வந்த பஸ்ஸில் என் பக்கத்து யன்னல் பூட்டுப்படவில்லை. இடது தோள் முழுக்க ஈரம். அப்படியே அலுவலகம். முதலாளி ரூபன் அண்ணை (இனி ரூ., முழுப் பெயர் எழுதக் கை கூசுகிறது) வாசலிலேயே, "தங்கச்சி, இண்டைக்கு எனர்ஜி வேணும்!" கனடாவில் பத்து வருடம் இருந்து கொண்டுவந்தது இந்த ஒரு சொல்தான்.

இன்று செய்தவை:
— உடுப்புக் கடை, முகநூல் பதிவு மூன்று. மூன்றிலும் 'அதிரடி' வரவேண்டுமாம்.
— ரியூசன் படிப்பிக்கிற சேரின் பதாகை. முகம் போதிய அளவு பெரிதில்லையாம். இரண்டு தடவை பெருப்பித்தேன். இப்போது மூக்குத் துவாரம் தெரிகிறது. சேருக்குச் சந்தோசம்.
— கொழும்புத்துறைச் செத்தவீடு ஒன்றின் 31ஆம் நாள் அட்டை.

பெயர்ப்பலகையில் 'கிரியேட்டிவ்' என்று போட்டிருக்கிறது. வருகிறவர்களில் பாதிப்பேர் செத்தவீட்டுக்காரர். கண்ணீர் அஞ்சலிப் பதாகை, நினைவு அட்டை, ஆண்டு மலர். மற்ற வாடிக்கையாளர் வரும்போது அந்த அட்டைகளை அலுமாரிக்குள் தள்ளிப் பூட்டுவது என் வேலை. ரூ.வுக்கு வெட்கம்.

ஒக். 28, செவ்வாய்

அச்சுவேலி மில்காரர் வந்தார். புதிதாகக் கறித்தூள் பைக்கற் விடப்போகிறார். முன்பக்கத்தில் ஒரு அம்மாவின் முகம் வேண்டும். ரூ. இணையத்தில் எடுத்த படமொன்றைக் காட்டினார்.

"உவ இந்தியாக்காரி. தோட்டைப் பாருங்கோ."

ஏஐயில் செய்த முகமொன்று காட்டினார்.

"உவவுக்கு வடிவு கூடிப்போச்சு. தூள் இடிச்ச முகமே உது? பவுடர் பூசின முகம்."

மனுசன் சொன்னதில் பிழையில்லை. அதனால்தான் இன்னும் எரிச்சல்.

"உங்கடை அம்மான்ரை படத்தையே போடலாமே?" என்று கேட்டேன்.

"ஐயோ, அவ ஓமெண்ணமாட்டா. படமெடுக்கப் போனைத் தூக்கினாலே பேச்சு விழும்."

ரூ. என்னைப் பார்த்த பார்வை. நான் வாயைத் திறந்திருக்கக்கூடாதாம். பிறகு அரைமணி நேரம் உபதேசம். தலையாட்டினேன். உள்ளுக்குள் வேறு விதமாகத் திட்டினேன். எழுத முடியாது.

ஒக். 30, வியாழன்

மழை. மின்சாரம் இரண்டு தடவை போனது. இதுவரை பதினொரு முகம் அனுப்பியாயிற்று, பதினொன்றும் திரும்பிவந்தன. கடைசியாக வந்த குரல் பதிவு: "பிள்ளை, இது அம்மா இல்லை, ரீச்சர்."

ரூ. என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் பூசுகிற சென்ற்றின் மணம். எனக்குத் தலையிடி.

"எங்கடை அஞ்சலி ஃபோல்டருக்கை பார். அசல் யாழ்ப்பாண முகம் எத்தினை கிடக்கு."

"அண்ணை, அது செத்த ஆக்கள்."

"அப்ப ஆர் வந்து கேக்கப்போகினம்?"

தன் பகிடிக்குத் தானே சிரித்தார். எழும்பிப் போயிருக்கவேண்டும். போகவில்லை. ஃபோல்டரைத் திறந்தேன். முந்நூறு பேர் அளவில். எல்லாரும் அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கிற மாதிரி உம்மென்று. ஒருத்தி மட்டும் சிரிக்கிறாள். பிலோமினா, குருநகர், போன வருடத்து நினைவு அட்டை. தலையைச் சரித்து, வாய் விட்டு. பக்கத்தில் நின்ற யாரோ பகிடி விட்டிருக்கவேண்டும்.

செய்தவை:
— படத்தை இடம் வலமாகத் திருப்பினேன்.
— பூப்போட்ட சட்டையை அழித்துப் பருத்திச் சேலை.
— சிலுவைச் சங்கிலியை எடுத்தேன்.
— கன்னத்து மச்சத்தை எடுத்தேன்.
— திருநீறு. நெற்றியில் பெரிய பொட்டு.

நாற்பது நிமிடம். நல்ல வேலை. பொட்டின் ஓரத்தில் வியர்வைகூடப் போட்டேன். உண்மையாகவே நல்ல வேலை, வெட்கம் கெட்டவள்.

அனுப்பினேன். மில்காரர் உடனே போன் எடுத்தார். "உதுதான்! உதுதான் எங்கடை அம்மா!"

நவ. 9, ஞாயிறு

வெயில். அம்மாவோடு சுன்னாகம் சந்தை. வெங்காயம், பயிற்றங்காய், மரவள்ளி. செருப்பு வார் அறுந்தது. சந்தைக்கு முன்னால் எட்டடிப் பதாகை. பிலோமினா. 'அம்மா வறுத்த மாதிரியே.' வசனமும் நான்தான்.

அம்மா நின்று பார்த்தார். "நல்ல முகராசி. ஆரடி உந்த மனுசி?"

"ஒருத்தரும் இல்லை. கொம்பியூட்டர் செய்தது."

ஏன் பொய் சொன்னேன்? அம்மா என்ன செய்துவிடப் போகிறார்? யோசிக்காமலே வாயில் வந்தது.

நவ. 13, வியாழன்

தூறல். பதினொரு மணிபோல ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். நனைந்த குடை, சொப்பிங் பை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஜெசிந்தா, பிலோமினாவின் மகள். போன வருடம் அட்டைக்குப் படம் கொண்டுவந்தது இவள்தான். பையிலிருந்து தூள் பைக்கற்றை எடுத்து என் மேசையில் நிமிர்த்தி வைத்தாள்.

"இது எங்கடை அம்மா."

பக்கத்து வீட்டுப் பிள்ளை கடையில் வாங்கிவந்து காட்டியதாம். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"அம்மா ஒருநாளும் பொட்டு வைச்சதில்லை, தங்கச்சி. சங்கிலி குளிக்கேக்குள்ளையும் கழட்டமாட்டா. எங்கை அது?"

ரூ. அறைக்குள்ளிருந்து வந்தார். வாயெல்லாம் சிரிப்பு. "அக்கா, இருங்கோ. பிளேன்ரீ குடியுங்கோ. உது ஏஐ. கொம்பியூட்டர் தானாச் செய்யிற முகம். ஆயிரம் முகத்தைப் பாத்துப் பழகி ஒண்டைச் செய்யும். தற்செயலா உங்கடை அம்மா மாதிரி வந்திட்டுது. தர்சினி, நீதானே செய்தனி. அக்காவுக்கு விளங்கப்படுத்து."

அவள் என் பக்கம் திரும்பினாள். சந்தையில் அம்மாவுக்குச் சொன்ன அதே பொய். இதை ரூ.விடம் நான் சொல்லவே இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே புத்தி.

"ஓம் அக்கா. எங்கையும் இல்லாத ஆள்தான்."

"இல்லாத ஆளோ?"

"ஓம்."

பிளேன்ரீ குடிக்கவில்லை. பைக்கற்றைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். மெதுவாக, முகம் மேலே இருக்கும்படி.

அவள் படியிறங்க முன்னமே ரூ., "சூப்பர் தங்கச்சி. கிளீனா முடிச்சிட்டாய்."

பிடிக்காதவர்கள், வரிசைப்படி: ரூ., மில்காரர், நான். இல்லை. வரிசை பிழை.

நவ. 14, வெள்ளி

ரூ. அந்த ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டார். "ஒண்டும் இல்லையெண்டால் ஒண்டும் இல்லை." பிறகு இன்னொரு யோசனை. ஏஐ அம்மா என்பதையே விளம்பரமாக்கலாமாம். மில்காரர் துள்ளுகிறாராம். வசனம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்: 'இந்த அம்மா யார்? யாருமில்லை. அதனால் எல்லாருக்கும் அம்மா.'

வசனம் நன்றாக இருக்கிறது. எனக்கு இதைத் தவிர வேறெதுவும் வராது போல.

பின்னேரம் ரூ. எல்லாருக்கும் கேக் வாங்கினார். என் துண்டைக் குப்பையில் போட்டேன். அவர் பார்த்தார். பார்க்கட்டும்.

நவ. 18, செவ்வாய்

பலத்த மழை. ரூ. மில்காரரோடு அச்சுவேலி போய்விட்டார். அலுவலகத்தில் நான் மட்டும். இரண்டு மணிபோல ஜெசிந்தா. இந்தத் தடவை பை இல்லை. சேலைத் தலைப்பால் முகம் துடைத்துவிட்டு முன் கதிரையில் இருந்தாள்.

"தங்கச்சி, ஒரு உதவி. அண்டைக்கு நான் கொஞ்சம் கோவமாக் கதைச்சிட்டன். குறை நினையாதேங்கோ."

மன்னிப்புக் கேட்கிறாள். என்னிடம்.

"அப்பா நம்பீட்டார். கொம்பியூட்டர் செய்ததுதான் எண்டு. கடையிலை நாலு பைக்கற் வாங்கியந்து வைச்சிருக்கிறார். முகத்தை வெட்டியெடுத்து, பொட்டை நகத்தாலை சுரண்டுறார். ஆரெண்டாலும் பரவாயில்லை, அவளை மாதிரிச் சிரிக்கிறாள் எண்டு சொல்லுறார். அம்மா போனதுக்குப் பிறகு இப்பதான் மனுசன் கொஞ்சம் கதைக்குது."

அவள் நனைந்திருந்தாள். மின்விசிறியை நிறுத்தினேன்.

"இவையின்ரை கலியாணப் படம் இடம்பெயரேக்குள்ளை துலைஞ்சு போட்டுது. ரெண்டுபேரும் நிக்கிற படம் எங்களிட்டை ஒண்டும் இல்லை. உந்தக் கொம்பியூட்டரிட்டைக் கேட்டு ஒண்டு செய்து தாறியளோ? அப்பாவுக்குப் பக்கத்திலை, பொட்டில்லாமல், சங்கிலியோடை. அப்பான்ரை படம் போனிலை கொண்டந்தனான்."

போனை நீட்டினாள். ஒரு கிழவர், கட்டிலில், சவரம் செய்யாத முகம். செய்து கொடுத்திருக்கலாம். அரைமணி நேர வேலை. அவளும் சந்தோசமாகப் போயிருப்பாள். என்னால் முடியவில்லை. அழுதேன் என்று நினைக்கிறேன்.

"அக்கா, அது கொம்பியூட்டர் செய்யேல்லை. நான்தான். நீங்கள் தந்த படம்தான். அது உங்கடை அம்மாதான்."

சொன்னவுடன் பெரிய ஆறுதல். தோளில் இருந்து மூட்டை இறங்கிய மாதிரி. மன்னிப்பும் கேட்டேன். ரூ. சொல்லித்தான் செய்தேன் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அதை ஏன் சேர்த்தேன்?

ஜெசிந்தா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"ஏன் இப்ப சொன்னனி?"

"சொல்லாமல் இருக்க ஏலேல்லை, அக்கா."

"அண்டைக்குச் சொல்லியிருக்கலாம். உன்ரை முதலாளியை ஒரு கை பாத்திருப்பன். இப்ப சொல்லுறாய். உனக்குப் பாரம் இறங்கீட்டுது. இண்டைக்கு வடிவா நித்திரை கொள்ளுவாய்." எழும்பினாள். "அது வேறை ஆரோ எண்டு நினைச்சபடியால்தான் அந்த மனுசன் பாத்துக்கொண்டிருக்குது. இனி நான் போய், அப்பா, கடைக்குக் கடை தொங்கிறது அம்மாதான் எண்டு சொல்லட்டோ? இல்லாட்டி உன்ரை பொய்யை இனி நான் சொல்லட்டோ?"

குடையை விரிக்காமலே போனாள்.

நாலு மணிக்கு ரூ. வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"சொல்லிப்போட்டியோ? விசரி! முடிஞ்ச அலுவலைக் கிளறிவிட்டிருக்கிறாய். நாளையிலை இருந்து இஞ்சாலை வராதை."

"நல்லது அண்ணை" என்றேன். அஞ்சலி அட்டை அலுமாரியைப் பூட்டுகிற திறப்பை அவர் மேசையில் எறிந்துவிட்டு வந்தேன்.

நவ. 19, புதன்

மழை விட்டிருக்கிறது. ஒன்பதரைக்குத்தான் எழும்பினேன். அம்மா இரண்டு தடவை வந்து தட்டினாராம். எனக்கு ஒன்றும் தெரியாது.